மணிக்கட்டில் ஒரு பாக்கி

நடு ராத்திரி கை மரத்துப்போய், எழுந்து உட்கார்ந்து உதறியிருக்கிறீர்களா? ஆபீஸில் நாள் முழுக்க கீபோர்டு தட்டுகிற நண்பர்கள் ‘கார்ப்பல் டனல் சார்!’ என்பார்கள், என்னவோ ப்ரமோஷன் கிடைத்த மாதிரி. இந்த வியாதி நிஜமாகவே பாடாய்ப் படுத்துவது வேறு சிலரை. பத்துப் பதினைந்து வருஷமாக டயாலிசிஸில் இருப்பவர்களை.

மணிக்கட்டில் ஒரு குட்டிச் சுரங்கம் இருக்கிறது. தரை எலும்பு, கூரை கெட்டியான ஒரு பட்டை. உள்ளே விரல்களை மடக்குகிற 9 தசைநாண்கள், கூடவே மீடியன் என்கிற ஒரே ஒரு நரம்பு. காலை ஒன்பது மணி டவுன் பஸ்தான். இன்னும் ஒருத்தர் ஏறினால் நசுங்குவது நரம்பு. கட்டை விரலிலிருந்து மோதிர விரலில் பாதி வரை மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பித்துவிடும். அதன் நரம்புக்கு வேறு ரூட்!

டயாலிசிஸ்காரர்களுக்கு அப்படி ஏறுகிற ஆசாமி, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம். உங்கள் ரத்தத்திலும் என் ரத்தத்திலும் இருப்பதுதான். நல்ல கிட்னி அதை அன்றாடம் காலி செய்துவிடும். பழைய டயாலிசிஸ் சவ்வால் முடியவில்லை. யூரியாவின் மூலக்கூறு எடை 60, இதற்கு 11,800. மாவுச் சல்லடையில் கொண்டைக்கடலையைச் சலித்தால் விழுமா? வருஷா வருஷம் பாக்கி ஏறி, அமிலாய்டு என்ற படிவமாக மணிக்கட்டில் உட்கார்ந்துகொண்டது. இதைக் கண்டுபிடித்து 1985-ல் எழுதியவர்கள் ஜப்பானின் நிகாட்டாவில் கெஜ்யோவும் அவர் சகாக்களும்.

ஏன் ஜப்பான்? அங்கே மாற்றுச் சிறுநீரகம் கிடைப்பது அபூர்வம். 3 லட்சம் பேருக்கு மேல் டயாலிசிஸில் இருக்கிறார்கள், 40 வருஷம் தாண்டியவர்களும் உண்டு. இந்த வியாதி வருவதற்கே முதலில் அத்தனை வருஷம் உயிரோடு இருக்க வேண்டுமே!

ஆபரேஷன் சின்னதுதான். கைக்கு மட்டும் மரப்பு ஊசி, உள்ளங்கையில் ஒரு கீறல், கூரைப் பட்டையை நெடுக வெட்டிவிடுவது. ஜப்பானில் ஒகுட்சு என்ற டாக்டர் 1980-களிலேயே குழாய்க் கேமரா விட்டு இதைச் செய்தார். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த கை என்றால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டினால் அந்த இணைப்பே அடைத்துக்கொள்ளலாம். சில டாக்டர்கள் கட்டுவதே இல்லை.

ராத்திரி வலி சீக்கிரம் போய்விடும், மரப்பு மெதுவாகத்தான். ஆனால் கட்டை விரலடிச் சதை சூம்பிய பிறகு போனால், வெட்டியும் பழைய பலம் திரும்பாமல் போகலாம். ‘கிட்னி பேஷண்ட்டுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று யாராவது தள்ளிப்போட்டால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். படிவம் தொடர்ந்து சேர்வதால் சில வருஷத்தில் மறுபடி மரக்கவும் கூடும், மறுபடி கத்தி. ஓட்டை பெரிதான புதுச் சவ்வுகள் வந்தபின் தொல்லை குறைந்திருக்கிறது.

உங்களுக்கு வேண்டியவர் யாராவது ரொம்ப நாளாக டயாலிசிஸ் போகிறாரா? சட்டைப் பட்டன் போட முடிகிறதா என்று விசாரியுங்கள். ‘வயசாச்சுப்பா’ என்பார். விடாதீர்கள். சுண்டுவிரல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ‘அது ஒண்ணுதான் நல்லாருக்கு’ என்றால், அடுத்த தடவை டாக்டரிடம் கையையும் நீட்டச் சொல்லுங்கள்.