செடிக்கு வலிக்குமா? கேள்வியே கொஞ்சம் கோணல்

அசைவம் சாப்பிடறவங்க எல்லார் கையிலயும் ஒரு பிரம்மாஸ்திரம் இருக்கு. சைவக்காரர் யாராவது "பாவம்ங்க, ஆடு" என்று ஆரம்பித்தால் போதும். "ஏன், கீரைக்கு உயிர் இல்லையா? பிடுங்கும்போது அதுக்கு வலிக்காதா?" என்று எடுத்து விடுவோம். விடுவோம்னு ஏன் சொல்றேன்னா, நானும் அந்தக் கட்சிதான். ஞாயித்துக்கிழமை மட்டன் இல்லேன்னா எனக்கு வாரமே முடியாது. ஆனா இந்த அஸ்திரத்தை மட்டும் நான் தொடறதில்ல.

முதல் காரணம் சின்னக் கணக்கு. ஆடு காத்தைக் குடிச்சா வளருது? ஒரு கிலோ கறி ஏறணும்னா அது எத்தனையோ கிலோ தழை தின்னாகணும். செடிக்கு வலிக்கும்கறது நிஜம்னா, மட்டன் சாப்பிடறவன்தான் அதிகச் செடிகளைக் கொல்றான். அதாவது நாம எறியற அஸ்திரம் நேரா நம்ம இலைக்கே திரும்பி வருது. இது புரிய பொறியியல் பட்டமெல்லாம் வேண்டாம்.

ரெண்டாவது காரணம்தான் பெருசு. "செடி உணருமா?" என்ற கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி ஒளிஞ்சிருக்கு. சுத்தி நடக்கறது செடிக்குத் தெரியுமா, அதுக்கு ஏத்த மாதிரி ஏதாவது செய்யுமா என்பது ஒண்ணு. அது தெரியும்போது உள்ள யாரோ ஒருத்தர் உட்கார்ந்து "ஐயோ" என்கிறாரா என்பது இன்னொண்ணு. முதல் கேள்வி எப்பவோ தீர்ந்து போச்சு. பதில்: ஆமாம், நாம நினைக்கறதை விட ரொம்ப அதிகமாவே. ரெண்டாவதை முதல் கேள்வியோட ஆதாரத்தை வச்சே ஜெயிக்கப் பாக்கறாங்க, அங்கதான் எனக்குப் பிரச்சனை.

முதல் கேள்வியோட அழகை அனுபவிக்காம நகர மனசு வரல. வீனஸ் ஃப்ளைட்ராப்னு ஒரு பூச்சி தின்னும் செடி. அமெரிக்காவில் கரோலினா பக்கத்துச் சதுப்பு நிலத்துல மட்டும் இயற்கையா வளரும். பொறி மாதிரி இருக்கற அதோட இலைக்குள்ள சின்னச் சின்ன முடிகள். ஒரு முடியை ஒரு தடவை தொட்டா ஒண்ணும் ஆகாது. சுமார் 20 நொடிக்குள்ள ரெண்டாவது தடவை தொட்டாத்தான் பொறி மூடும். மழைத்துளி, காத்துல விழற தூசி, இதுக்கெல்லாம் மூடித் திறந்து சக்தியை வீணாக்கக் கூடாதே! சர்க்யூட் படிச்ச மக்களுக்குச் சட்டுனு புரியும், இது அச்சு அசல் டிபவுன்ஸ். ஸ்விட்சோட முதல் துடிப்பை நம்பாதே என்று நாம எழுதற அதே லாஜிக். அதோட நிக்கல. 2016ல ஜெர்மனியில் ஒரு குழு செய்த ஆய்வுப்படி, மூடின பிறகு உள்ள மாட்டின பூச்சி துடிக்கத் துடிக்க செடி எண்ணிக்கிட்டே இருக்கு. ஏறக்குறைய அஞ்சு தொடுகை ஆன பிறகுதான் செரிமான நொதிகளைத் தயாரிக்க ஆரம்பிக்குது. பூச்சி பெருசா, சின்னதா, உயிரோட இருக்கா என்று பாத்து அடுப்பைப் பத்த வைக்கற மாதிரி. மூளை கிடையாது, நரம்பு கிடையாது, ஆனா கவுண்ட்டர் இருக்கு.

கஸ்குட்டா என்று மஞ்சள் நூல் மாதிரி ஒரு ஒட்டுண்ணிக் கொடி. முளைச்ச சில நாளைக்குள்ள பக்கத்துல ஒரு செடியைப் பிடிக்கலைன்னா செத்துடும். 2006ல ஒரு ஆய்வு: அது வாசனை பிடிச்சுத்தான் தக்காளிச் செடி இருக்கற பக்கம் வளருது. செடியே வேண்டாம், தக்காளியோட வாசனையை மட்டும் ஒரு பக்கம் வச்சாலும் அந்தப் பக்கம் போகுது. கோதுமையா தக்காளியா என்று ரெண்டையும் வச்சா தக்காளிக்குத்தான் ஓட்டு.

வெளிச்சக் கணக்கு இன்னும் பக்கா. சாமந்திக்கு ராத்திரி நீளமா இருந்தாத்தான் மொட்டு விடும். அதனால பூவைத் தள்ளிப் போடணும்னா, வளர்க்கிறவங்க ராத்திரியில கொஞ்ச நேரம் பல்பு போட்டு வைக்கிறாங்க. செடி பகலை அளக்கறதில்ல, இருட்டைத்தான் அளக்குது. நடுவுல லைட் போட்டா கவுண்ட்டர் ரீசெட்!

சரி, செடிக்குக் காது? 2014ல மிசௌரி பல்கலைக்கழகத்துல ஒரு சோதனை. புழு இலையைக் கடிக்கறப்ப வர்ற அதிர்வைப் பதிவு பண்ணி, கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி ஒண்ணுக்கு அந்த அதிர்வை மட்டும் கொடுத்தாங்க. அப்புறமா நிஜப் புழு வந்தப்ப, அந்தச் செடிகள் மத்த செடிகளை விட அதிகமாக் காரச் சரக்கைச் சுரந்துச்சு. காத்தோட அதிர்வுக்கோ, வேற பூச்சி பாடற அதிர்வுக்கோ அப்படிச் செய்யல. (இசைஞானி பாட்டு போட்டா ரோஜா நல்லாப் பூக்கும்னு சொல்ற மக்கா, செடிக்குத் தேவையான பாட்டு புழு மெல்லற சத்தம்தான் போல. ஹி ஹி.)

இதெல்லாம் நம்ம நாட்டுல ஆரம்பிச்ச கதைன்னு சொன்னாலும் தப்பில்ல. ஜகதீஷ் சந்திர போஸ் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தொட்டாச்சிணுங்கியையும், நம்ம சித்த வைத்தியர்கள் தொழுகண்ணி என்று சொல்ற செடியையும் வச்சுக்கிட்டு, செடிக்குள்ள மின்சாரத் துடிப்பு ஓடுதுன்னு காட்டினார். செடியோட வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்ட கிரெஸ்கோகிராஃப் என்று ஒரு கருவியையே கட்டினார். 1917ல கல்கத்தாவில் தன் பேர்ல ஆய்வகம் தொடங்கினார், 1926ல செடிகளோட நரம்பு இயக்கம் பத்தி ஒரு புத்தகமே போட்டார். லண்டன்ல பெரிய தலைகள் பலர் அவரை நம்பல. ஆனா தொட்டாச்சிணுங்கி மாதிரி ஆடி அசையற செடிக்கு மட்டும் இல்ல, சாதாரணச் செடிக்குள்ளயும் மின் சமிக்ஞை ஓடுதுங்கறதுல அவர் சொன்னது சரிதான்னு இன்னிக்கு யாரும் சண்டை போடறதில்ல. 2018ல வந்த ஒரு வீடியோவைப் பாத்தா மெய் சிலிர்க்கும். புழு ஒரு இலையைக் கடிக்குது. கடிச்ச இடத்துலேர்ந்து கால்சியம் அலை ஒண்ணு ஒளிர்ந்துக்கிட்டே கிளம்பி, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தூரத்து இலைக்குப் போய்ச் சேருது. வேகம் நொடிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். அதைக் கிளப்பி விடறது குளூட்டமேட். நம்ம மூளையிலயும் சேதி கடத்தற அதே சரக்கு.

இந்த இடத்துலதான் ஒரு கூட்டம் எழுந்து கைதட்டுது. "பாத்தியா, மூளையில இருக்கறதே செடியிலயும் இருக்கு, அப்ப வலியும் இருக்கு!" இன்னொரு கூட்டம், "தொல்காப்பியர் அப்பவே சொல்லிட்டாரு" என்று ஒரு துண்டு போட்டு இடம் பிடிக்குது.

ரெண்டாவது கூட்டத்துக்கு முதல்ல. புல்லும் மரமும் ஓரறிவு உயிர், அந்த அறிவு தொடு உணர்வு என்று தொல்காப்பியத்தோட மரபியல் வகைப்படுத்தறது உண்மை. அந்தக் காலத்துல ஒருத்தர் செடியை உயிர்களோட வரிசையில முதல் படியில உட்கார வச்சதை நினைச்சா எனக்கும் பெருமைதான். அதுக்காக அவருக்குக் கால்சியம் அலை தெரியும்னு சொல்லாதீங்க. அது அவரைப் புகழறது இல்ல.

இப்ப வலிக்காரங்க. எங்க தொழில்ல ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் அலறும். வட்டு நிறைஞ்சு போச்சு, சூடு ஏறுது, காப்பாத்துன்னு நாலு பேருக்குச் செய்தி அனுப்பும். தானாவே சில வேலைகளை நிறுத்தும், பக்கத்து சர்வருக்குச் சுமையைத் தள்ளும். சேதத்தை உணர்ந்து, சேதி அனுப்பி, தற்காத்துக்கறது எல்லாம் நடக்குது. அந்த நேரத்துல வலி யாருக்கு? தூக்கம் கெட்ட எனக்குத்தான். சேதி ஓடறதும் வலிக்கறதும் ஒண்ணில்ல. "அப்ப மனுஷனும் ஒரு சர்வர்தானே, எங்க கோடு போடுவ?" என்று கேட்டா அது நல்ல கேள்வி. எனக்குத் தெரிஞ்ச வரை, வலின்னு நாம சொல்றதுக்கு அந்த சமிக்ஞையெல்லாம் போய்ச் சேர்ந்து ஒண்ணா ஒரு அனுபவமா ஆகற இடம் ஒண்ணு வேணும். அப்படி ஒரு இடம் செடியில யாரும் கண்டுபிடிக்கல. 2019ல தாவரவியலாளர்கள் சிலர் சேர்ந்து இதையே அழுத்தமா எழுதினாங்க, செடிகளுக்கு உணர்வுநிலை இல்ல, தேவையும் இல்லைன்னு. எனக்கு அந்த "தேவையும் இல்ல"தான் பிடிச்சது. வலி நம்மளை ஓட வைக்க. ஓட முடியாததுக்கு எதுக்கு வலி? தின்னா தின்னுட்டுப் போ, வேற கிளை விட்டுக்கறேன் என்று இருக்கறதுதான் அதோட பாணி.

இதுல அளவுக்கு மீறி ஆசைப்பட்டா என்ன ஆகும்னு ஏற்கெனவே பாத்தாச்சு. 1966ல க்ளீவ் பாக்ஸ்டர் என்ற அமெரிக்கர் உண்மை கண்டறியும் கருவியை டிராசீனா செடி இலையில மாட்டினார். நான் உன்னை எரிக்கப் போறேன்னு மனசுல நினைச்சதுமே முள் துள்ளிச்சாம்! 1973ல இதெல்லாம் சேர்ந்து ஒரு புத்தகமா வந்து சக்கைப்போடு போட்டுச்சு. அப்புறம் விஞ்ஞானிகள் ஒழுங்கா செஞ்சு பாத்தா ஒண்ணும் வரல. நஷ்டம் பாக்ஸ்டருக்கு இல்ல. செடிகளோட சேதிப் பரிமாற்றத்தை நேர்மையா ஆராய்ஞ்சவங்களைக் கூட "ஓ, அந்த க்ரூப்பா நீ" என்று பாக்கற நிலைமை வந்துச்சு. 2016லயும் பட்டாணிச் செடி பாவ்லோவின் நாய் மாதிரி பழகிக்கும்னு ஒரு ஆய்வு வந்து உலகமே கொண்டாடிச்சு. 2020ல இன்னொருத்தர் அதிகச் செடிகளை வச்சுத் திரும்பச் செஞ்சப்ப அந்த முடிவு வரல. கொண்டாடின பத்திரிகையில பாதி ரெண்டாவதைப் போட்டிருக்குமா? :-)

அப்புறம் 2023. டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வு. தண்ணியில்லாத, இல்ல தண்டை வெட்டின தக்காளி, புகையிலைச் செடிகள் மணிக்கு 30லிருந்து 50 தடவை "டிக்" என்று நம்ம காதுக்கு எட்டாத சத்தம் போடுது. நல்லா இருக்கற செடி மணிக்கு ஒண்ணு கூடப் போடறதில்ல. அருமையான கண்டுபிடிப்பு. பெரும்பாலும் அது தண்ணிக் குழாய்க்குள்ள காத்துக் குமிழ் வெடிக்கற சத்தம்னு அவங்களே சொல்றாங்க. நம்ம வாட்ஸப்ல அது "செடிகள் அழுகின்றன: விஞ்ஞானிகள் நிரூபணம்" ஆயிடுச்சு.

எங்க குடியிருப்புக் குழுமத்துலயும் அது வந்துச்சு. அனுப்பினவர் எங்க செக்ரட்டரி அங்கிள். கூடவே மூணு அழுகை பொம்மை. அதே வாரம் என்ன பண்ணாங்க தெரியுமா? கார் நிறுத்தற இடத்துல இருக்கற ரெண்டு புங்க மரத்தோட அடி வரைக்கும், ஒரு அங்குலம் விடாம, சிமெண்ட் பூசிட்டாங்க. குப்பை சேருதாம். பத்தாததுக்கு ஆணி அடிச்சு சீரியல் லைட்டு, விடிய விடிய.

எனக்குக் கோபம் அங்கதான். மரம் அழுதான்னு கேட்டுக் கண்ணீர் விடறவருக்கு, அதுக்கு என்ன தெரியும், என்ன வேணும் என்பது தேவைப்படல. வேருக்கு மூச்சு விட ஆக்ஸிஜன் வேணும், அது மண்ணோட இடுக்கு வழியாப் போகணும், சிமெண்ட் அதை அடைச்சு, மழைத்தண்ணியையும் சாக்கடைக்கு அனுப்புது. மரத்துக்கு ராத்திரி தெரியும். தெருவிளக்குக்குப் பக்கத்துல இருக்கற கிளையில இலை உதிர்றது தள்ளிப் போகுதுன்னு நியூயார்க்ல 1936லேயே பாத்து எழுதி வச்சிருக்காங்க. இதுல எதுக்கும் வலி என்ற வார்த்தையே தேவையில்ல. பாரி முல்லைக்குத் தேர் குடுத்த கதையில கூட, கொடி கத்தினதாவோ அழுததாவோ யாரும் சொல்லல. பத்திப் படர ஒண்ணு இல்லாம அலையுதுன்னு பாத்தார், குடுத்தார், அவ்வளவுதான்.

அங்கிள்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "தம்பி, சாஃப்ட்வேர் ஆளுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். நியாயம்தான். அதனால 2013ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில மரங்களைச் சுத்தி ஒரு மீட்டருக்குள்ள இருக்கற கான்க்ரீட்டை எடுக்கச் சொன்ன செய்தியை அச்செடுத்துக் கொண்டு போய்க் கையில குடுத்தேன். டெல்லி உத்தரவு நம்ம ஊருக்குச் செல்லாது என்றார். ஆனாலும் படிச்சார். லைட்டை ராத்திரி பத்து மணிக்கு அணைக்க ஒத்துக்கிட்டார், கரண்ட் பில்லைக் காட்டினப்புறம். சிமெண்டை உடைக்கறது பத்தி வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசலாமாம். உடைக்கற கூலி ரெண்டு மரத்துக்கும் எவ்வளவுன்னு மேஸ்திரிகிட்ட விசாரிச்சு வச்சிருக்கேன், 1,800 ரூபா.