ஒரு காலை வணக்கமும் ஒரு கைதும்

2017 அக்டோபர். மேற்குக் கரையில் கட்டட வேலை பார்த்த பாலஸ்தீனர் ஒருவர், புல்டோசரில் சாய்ந்து நிற்கும் தன் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, பேச்சு அரபில் காலை வணக்கம் சொன்னார். மொழிபெயர்ப்பு மென்பொருள் அதை ஹீப்ருவில் 'அவர்களைத் தாக்கு' என்று ஆக்கியது. இஸ்ரேலியக் காவல்துறை அவரைப் பிடித்துச் சில மணி நேரம் விசாரித்துவிட்டு விடுவித்தது. கைதுக்கு முன் அரபு தெரிந்த அதிகாரி எவரும் மூலப் பதிவைப் படிக்கவில்லை.

மென்பொருளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தத் தொழிலாளி எழுதிய அரபு, பல்கலைக்கழக வகுப்புகளிலும் பெரும்பாலும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது. ஆங்கிலம்–அரபு மொழிபெயர்ப்புப் படிப்பு என்றால் ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து அரபு. அதாவது செய்தித்தாள், அரசு அறிக்கை, ஐ.நா. தீர்மானம். எந்தக் குழந்தையும் அம்மாவிடம் அதில் சோறு கேட்பதில்லை.

அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன், 1959-இல் எழுதிய கட்டுரையில் இரட்டை வழக்கை விளக்க எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளில் அரபும் ஒன்று. தமிழருக்கு இதைப் பாடம் நடத்தவேண்டியதில்லை. 'வந்துகொண்டிருக்கிறான்' என்று எழுதுகிறவர் 'வந்துட்டிருக்கான்' என்றுதானே சொல்கிறார்? அரபில் இந்த இடைவெளி இன்னும் அகலம். 'என்ன?' என்று கேட்க ஃபுஸ்ஹாவில் 'மாதா', கெய்ரோவில் 'ஏஹ்', டமாஸ்கஸில் 'ஷூ'. மொராக்கோக்காரர் தம் ஊர்ப் பேச்சை வேகமாக அவிழ்த்துவிட்டால் இராக்கியர் விழிப்பார். மருத்துவமனையில் வலியைச் சொல்பவரும், புகலிடம் கேட்டு அதிகாரி முன் உட்கார்ந்திருப்பவரும் வாய் திறப்பது வட்டார வழக்கில். அங்கே மொழிபெயர்க்க வந்த பட்டதாரி திணறினால் நஷ்டம் அவருக்கு அல்ல.

மொழியியலைத் தனித்தாளாக வைத்துத் தேர்வோடு மறக்கடிப்பது இன்னொரு கோளாறு. எகிப்தில் பிறந்த மோனா பேக்கர் 1992-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மொழிபெயர்ப்புப் பாடநூல் சொல்லில் தொடங்கி, இலக்கணம், பனுவல், சூழல்பொருள் என்று படிப்படியாக ஏறுகிறது. கோட்பாடும் பயிற்சியும் அதில் ஒரே கயிற்றின் இரு புரி. அரபு உரைநடை 'வ' என்ற இணைப்புச்சொல்லால் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போகும். ஒரே பொருளுள்ள இரு சொற்களை அடுத்தடுத்து வைத்து அழுத்தம் கூட்டும். ஆங்கிலம் முற்றுப்புள்ளி வைத்து நகரும். இந்த வேறுபாட்டைக் கற்காத மாணவர் ஒன்று எல்லா 'வ'வையும் அப்படியே இறக்கிவைப்பார், அல்லது எல்லாவற்றையும் வெட்டியெறிவார்.

தாய்மொழிக்குள் மட்டுமே பெயர்க்கவேண்டும் என்ற பழைய விதியையும் தளர்த்தலாம். அரபு, ஐ.நா. பொதுச்சபையின் அலுவல் மொழியானது 1973 டிசம்பர் 18-இல். அங்கே பேச்சை உடனுக்குடன் பெயர்ப்பவர்கள் அமரும் கண்ணாடி அறைகளில் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்ய மொழி, ஸ்பானிஷ் ஆகியவற்றுக்கு வழக்கமாக இருவர். அரபுக்கும் சீனத்துக்கும் மூவர். காரணம், இவ்விரு அறைகளில் இருப்பவர்கள் தாய்மொழிக்குள்ளும் அதிலிருந்து வெளியேயும் பெயர்க்கிறார்கள். வேலையே இருவழிப் பாதையாக இருக்கும்போது பயிற்சி மட்டும் ஏன் ஒருவழி?

மொழியறிவு மட்டும் போதாது. எகிப்திய அறிஞர் ரிஃபாஆ அல்-தஹ்தாவி 1835-இல் கெய்ரோவில் தொடங்கிய மொழிகள் பள்ளியில் மாணவர்கள் வரலாறும் சட்டமும் படித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்கள். இன்றைய வகுப்புக்கு அந்தப் பொருளறிவு எவ்வளவு தேவை என்பது வளைகுடாவுக்குப் போன குடும்பங்களுக்குத் தெரியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதியும் அரபுப் பிரதியும் முரண்பட்டால் செல்லுபடியாவது அரபுப் பிரதி. கையெழுத்துப் போடும் தமிழ்த் தொழிலாளிகள் பலருக்கோ அதில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பல ஆண்டுகள் அங்கே இருந்தவர் சந்தைக்கும் வேலைத்தளத்துக்கும் போதுமான பேச்சு அரபை எந்த வகுப்பும் இல்லாமல் பிடித்துக்கொள்கிறார்.

மொழிபெயர்ப்புப் படிப்பின் இறுதியாண்டுத் தேர்வில் செய்தித்தாள் தலையங்கத்துக்குப் பதிலாக இரண்டு தாள்கள் போதும். ஒன்று, அப்படியொரு ஒப்பந்தம். மற்றொன்று, சம்பளம் வரவில்லை என்று தன் ஊர் வழக்கில் புகார் சொல்லும் ஒரு தொழிலாளியின் ஐந்து நிமிடக் குரல்பதிவு.