மூடிய புத்தகத்தின் முன்

மதிப்பெண் பட்டியல் வரும் மாலையில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே தீர்ப்புத்தான் வழங்கப்படுகிறது: “இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது.” தீர்ப்புக்கு ஆளான பிள்ளையோ இரவு வெகுநேரம் புத்தகமும் கையுமாய் இருந்தவன். இத்தகையவனுக்கு முதலில் கண்பார்வையைச் சோதிப்பது நலம். எழுத்துக்கள் குழம்பும் குறை உண்டா என்பதையும் அறிந்தோரிடம் கேட்டறிய வேண்டும். அவை இல்லையெனில், எப்படிப் படிப்பது என்பதை அவனுக்கு எவரேனும் கற்பித்ததுண்டா என்று கேட்கிறோம்.

லொயோலா இஞ்ஞாசியார் 1524-ஆம் ஆண்டு பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கியபோது முப்பது வயதைக் கடந்தவர். மனப்பாடம் செய்ய அமர்ந்தால், பக்தி எண்ணங்கள் பெருகிவந்து பாடத்தைத் தடுத்தன. செபவேளையிலும் திருப்பலியிலும் வராத எண்ணங்கள் பாடவேளையில் மட்டும் வருவதேன் என ஆராய்ந்தார். அது சோதனையே எனத் தெளிந்தார். ஆசிரியரிடம் சென்று நடந்ததை உரைத்து, இனி ஒருநாளும் பாடத்துக்கு வரத் தவறுவதில்லை என வாக்களித்தார். தம் கற்றலைத் தாமே கவனித்து, இடையூற்றைக் கண்டு, வழியை மாற்றுவதைத்தான் இன்றைய கல்வியியலார் தன்னெறிப்படுத்தும் கற்றல் என்கின்றனர். அவர் வகுத்த ஆன்மீகப் பயிற்சிகளில், ஒரு குறையைக் களைய விரும்புவோர் நாளுக்கு இரு கோடுகள் வரைந்து, தவறிய முறை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி இட்டு, நாளோடு நாளை ஒப்பிடும் முறையும் உண்டு.

பின்தங்கிய பிள்ளை பெரும்பாலும் ஏமாறுவது ஓரிடத்தில்: திரும்பத் திரும்ப வாசித்தால், பழகிய வரிகள் தெரிந்தவை போலத் தோன்றும். ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க உளவியலார் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் வாசித்த மாணவர் ஐந்து நிமிடத்திற்குப்பின் முந்தி நின்றனர். ஒரு வாரம் கழித்தோ, மறுமுறை வாசியாது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர் 56 விழுக்காடும், மீண்டும் வாசித்தவர் 42 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர். நம் பிள்ளைகளின் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை!

திருத்திய கணக்குத்தாள் வீடு வந்தால் பெற்றோர் பலர் எண்ணைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகின்றனர். அத்தாளிலன்றோ மருந்து இருக்கிறது! வினாவைத் தவறாக வாசித்தது எது, வாய்பாடு மறந்தது எது, வழியே தெரியாதது எது எனப் பிள்ளையே பிரித்துக் காட்டட்டும். முதலாவதற்கு நிதானமும், இரண்டாவதற்குப் பயிற்சியும், மூன்றாவதற்கு ஆசிரியரும் தேவை. மூன்றுக்கும் பிரம்பு ஒன்றே என்பது என்ன வைத்தியம்?

தமக்கு எழுத்தறிவில்லையே எனத் தாய்மார் தயங்க வேண்டா. அடுப்பங்கரையில் வேலை செய்தபடியே, புத்தகத்தை மூடிவிட்டுப் பாடத்தைச் சொல்லும்படி கேட்கலாம். “அப்புறம்?” என்னும் ஒரு சொல் போதும். பிள்ளை திக்கிய இடத்தில் அவனே பென்சிலால் ஒரு புள்ளி வைக்கட்டும். மறுநாள் படிப்பு அங்கிருந்து தொடங்கும்.