கைக்குள் கருவி, கைவிட்ட எழுத்து

இம்மலருக்குக் கட்டுரை தருவதாக வாக்களித்திருந்த மாணவர் ஒருவர் குறித்த நாளில் வரவில்லை. பிற்பகலில் அவரிடமிருந்து நம் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. தமிழ்ச் சொற்கள்தாம், ஆனால் ஆங்கில எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தன. "வலியில் இருக்கிறேன் ஐயா" என்று நாம் படித்தோம். பதறிப்போய் உடனே அழைத்து, என்ன உடல்நலக்குறைவு, எந்த மருத்துவமனை என்று வினவினோம். மறுமுனையில் பேருந்தின் ஒலிப்பான் அலறியது. "வழியில் இருக்கிறேன் என்றுதானே ஐயா எழுதினேன்" என்றார் அவர்.

நகைத்துவிட்டு மறக்கக்கூடிய நிகழ்ச்சிதான். ஆயினும் நம்மால் மறக்க இயலவில்லை. வி, ஏ, எல், ஐ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளை அடுக்கி வைத்தால் அது வலியா, வழியா, வளியா, வாலியா, வாளியா, வாழியா என்று யாரறிவார்? தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் தம் தமிழாசிரியருக்குத் தமிழில் எழுத வேண்டிய ஒரு வரியைப் பிறமொழி எழுத்தில் எழுதுகிறார். அதனை நாமும் இயல்பாகவே எடுத்துக்கொண்டு படிக்கிறோம். இரண்டாவது செய்திதான் நமக்கு மிகுந்த உறுத்தலைத் தந்தது.

கைப்பேசியைப் பற்றிப் பேசாத நாளில்லை, இடமில்லை. தேநீர்க் கடையிலும், ஆசிரியர் ஓய்வறையிலும், தொழுகை முடிந்து வெளிவரும் வாயிலிலுங்கூட, புதிதாக வந்த கருவியின் படப்பிடிப்பு எப்படி, நினைவகம் எவ்வளவு, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பனவே உரையாடல். நாளிதழ்களின் தொழில்நுட்பப் பக்கங்களும் அவற்றையே எழுதுகின்றன. விலையையும் வண்ணத்தையும் விரிவாகக் கூறும் அப்பக்கங்களுள் ஒன்றேனும், இக்கருவியில் தமிழை எவ்வளவு எளிதாக எழுதலாம் என்று ஆராய்ந்ததை நாம் கண்டதில்லை. வாங்குவோரும் கேட்பதில்லை. பத்தாயிரம் உரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் பொருளில் நம் மொழி இருக்கிறதா என்று கடைக்காரரை வினவுவது நாகரிகக் குறைவு என்று எண்ணுகிறோம் போலும்!

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நேர்மையோடு சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் குற்றம் நம்முடையதன்று. இந்தியாவில் கைப்பேசிச் சேவை 1995ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் தொடங்கியது. வரும் அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்த அக்காலத்தில் அது செல்வர்தம் அணிகலன். 2003ஆம் ஆண்டில் வரும் அழைப்புக்குரிய கட்டணம் நீங்கிய பின்னரே அது நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு வந்தது. அழைப்பினும் மலிவான குறுஞ்செய்தியை மாணவர் உலகம் பற்றிக்கொண்டது.

அக்குறுஞ்செய்தியின் கணக்கில்தான் நம் எழுத்து தோற்றது. ஒரு செய்தியின் மொத்தக் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்தொன்றுக்கு 7 பிட்டு போதுமாகையால் 160 எழுத்துகள் அதனுள் அடங்கின. தமிழுக்கோ ஒவ்வொரு குறியீட்டிற்கும் 16 பிட்டு வேண்டும்; ஆகவே 70 இடங்களே கிட்டின. அந்த எழுபதும் முழுமையாக எழுபது எழுத்துகளுக்கு உரியனவல்ல. 'நோ' என்று எழுத நகரத்துக்கு ஓரிடம், ஓகாரக் குறிக்கு ஓரிடம். 'ன்' என்று எழுத னகரத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. "நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்" என்னும் தொடரில் நாம் எண்ணும் எழுத்துகள் பதினான்கே. கருவி எண்ணுவதோ, இடைவெளி இரண்டையும் சேர்த்து, இருபத்தொன்பது. வாழ்த்திலேயே ஏறத்தாழப் பாதி இடம் தீர்ந்துவிட்டால், வாழ்த்துபவர் தம் பெயரையும் ஊரையும் நலம் விசாரிப்பையும் எங்கே எழுதுவார்? பண்டிகை நாள்களில் சலுகைக் கட்டணம் செல்லாது என்று நிறுவனங்கள் அறிவித்த காலம் அது. இரண்டு செய்திக்குரிய காசைக் கொடுத்துத் தமிழில் வாழ்த்துவதா, ஒன்றுக்குரிய காசில் ஆங்கில எழுத்தில் வாழ்த்துவதா? மாணவன் எதைத் தேர்ந்தான் என்று சொல்ல வேண்டியதில்லை.

அனுப்பினாலும் பெறுபவரின் கருவி அதைக் காட்டுமா என்பது வேறு ஐயம். தமிழ் எழுத்துரு இல்லாத கைப்பேசியில் நம் வாழ்த்து வெறுங்கட்டங்களாகப் போய் நின்றது. இத்தனைக்கும் 2006ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை, சென்னைக்கு அருகே திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை இயங்கிற்று. தமிழ்ப் பெண்கள் கோத்து முடித்த கைப்பேசிகள் உலகெங்கும் சென்றன. அவர்தம் கை பட்ட கருவிகளுள் எத்தனை அவர்தம் எழுத்தைக் காட்டின என்று எண்ணிப் பார்க்கையில் ஒரு சிறு கசப்பு எழுகிறது.

ஆயினும் அக்காலத்தும் வாளாவிராதோர் சிலர் இருந்தனர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாகத் 'தமிழ்99' என்னும் விசைப்பலகை உருவாயிற்று. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் கைப்பேசிக்கென உருவாக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வெளிவந்தது. தமிழ்த்துறையினராகிய நாம் இலக்கண ஆசிரியர்களைப் போற்றுமளவுக்கு இவர்களைப் போற்றினோமா என்றால், இல்லை.

தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுப் பார்த்தவர்க்கு அதன் அழகு புலப்படும். உயிரெழுத்துகள் இடக்கையில், மிகுதியாகப் பயிலும் மெய்கள் வலக்கையில். ககரத்தை இருமுறை தட்டினால் முன்னது தானே புள்ளி பெற்று 'க்க' என நிற்கும். ஙகரத்தையடுத்துக் ககரத்தைத் தட்டினால் 'ங்க' என்றாகும்; மெல்லினத்தையடுத்து அதன் இன வல்லினம் வருமென்னும் இலக்கணம் விசையிலேயே பொதிந்துள்ளது. 247 எழுத்துகளுக்கு 247 விசைகளா என்று அஞ்சுவோர் உளர். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் அறிந்த குழந்தைக்கு அவ்வச்சம் வேண்டியதில்லை. மாணவர்கள் எழுத்தியலில் மனப்பாடம் செய்து தேர்வுக்குப்பின் மறந்துவிடும் செய்தி, விரல் நுனியில் நாள்தோறும் பயிற்சி பெறுகிறது. வகுப்பில் இதனைச் சொன்னபோது ஒரு மாணவி, "அப்படியானால் தேர்வுக்கும் இது உதவுமா ஐயா?" என்று கேட்டார். உதவும் என்றோம்.

(இடையே ஒரு சொல். 1991ஆம் ஆண்டிலேயே யுனிக்கோடில் இடம்பெற்ற தமிழ் அட்டவணையில் அகரமேறிய ககரம் முதன்மை; புள்ளி வைத்த மெய்யோ இரண்டு குறியீடுகளால் ஆவது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்குமென்னும் நம் மரபுக்கு இது தலைகீழ். அதனை எதிர்த்து எழுந்த வாதத்தின் பயனாக 2010ஆம் ஆண்டு தமிழக அரசு யுனிக்கோடோடு 'டேஸ்16' என்னும் குறியீட்டையும் ஏற்றது. அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கைப்பேசிகள் யுனிக்கோடையே பின்பற்றுகின்றன. உள்ளறை எப்படி அமைந்திருப்பினும், திரையில் தோன்றும் எழுத்து நம் எழுத்தே.)

இன்று நிலை முற்றிலும் மாறிவிட்டது. 2013ஆம் ஆண்டு முதல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை உள்ளமைந்து வருகிறது. இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகள் அனைத்தும் அட்டவணை மொழிகள் இருபத்திரண்டையும் படிக்கக் காட்ட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு நடுவணரசு ஆணையிட்டது. 2017ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தமிழில் பேசினால் எழுதித் தரும் வசதியையும் அளித்தது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளிலோ எழுத்துக்கு இத்தனை காசு என்னும் கணக்கே இல்லை. எழுபது இடங்களின் நெருக்கடி ஒழிந்தது, வெறுங்கட்டங்களும் ஒழிந்தன. நெருக்கடியிற் பிறந்த பழக்கம் மட்டும் ஒழியாமல் நிற்கிறது. மழை நின்ற பின்னும் குடையை விரித்தவாறே நடப்பவரைப் போல நாம் நடந்துகொண்டிருக்கிறோம்.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கும் இளைஞர்கட்கு நாம் ஒரு வீட்டைக் காட்டுவோம். மகன் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறான். தாய் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவர். வார இதழ்களை எழுத்துக்கூட்டாமல் படிக்கக்கூடியவர். ஆங்கில எழுத்து அறியாதவர். மகன் வாங்கியனுப்பிய விலையுயர்ந்த கைப்பேசி அவர் கையில் இருக்கிறது. அதில் மகன் எழுதும் செய்தியைப் படிக்கப் பக்கத்து வீட்டுச் சிறுமியை அழைக்க வேண்டியிருக்கிறது. அரபுநாட்டிலிருந்து வரும் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தவுடன் தாமே பிரித்து, தாமே படித்து, தலையணைக்கடியில் வைத்துக்கொண்ட தலைமுறை அது. கடிதத்தினும் விரைவான கருவி வந்தபின், பெற்ற மகனின் சொல்லைப் பிறர் வாயிலாகக் கேட்கும் நிலைக்கு அத்தாய் தள்ளப்பட்டார். மஹல்லாக் குழுக்களில் வரும் ஜனாஸா அறிவிப்புகளும் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே வருகின்றன. இறந்தவர் யார், நல்லடக்கம் எவ்வேளை என்பதை அறிய முதியோர் பேரப்பிள்ளைகளைத் தேடுகின்றனர்.

தமிழைப் பிற எழுத்தில் எழுதுவதே பிழை என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூற நமக்கு உரிமையும் இல்லை. நம் முன்னோர் எழுதியிருக்கின்றனர். அரபுத்தமிழ் என்னும் பெருஞ்செல்வம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் செழித்தது. 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் அதில் நூல்கள் யாத்தனர். ஆனால் அவர்கள் செய்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். அரபியில் இல்லாத டகரம், பகரம், ணகரம், ளகரம் போன்ற ஒலிகளுக்கு, உள்ள எழுத்தை வைத்து ஒப்பேற்றிவிடவில்லை. இருந்த எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதியன அமைத்தனர். எகர, ஒகரங்களுக்கும் தனிக்குறி கண்டனர். எழுத்தை மாற்றியபோதும் ஒலியை இழக்க அவர்கள் இசையவில்லை. இன்றைய கைப்பேசித் தமிழிலோ லகர, ளகரங்கள் ஒன்று. நகர, னகர, ணகரங்கள் ஒன்று. ரகர, றகரங்கள் ஒன்று. குறிலும் நெடிலும் எழுதுவோர் விருப்பம். விடைத்தாள்களைத் திருத்துகையில் இப்பிழைகள் ஆண்டுதோறும் மிகுந்து வரக் காண்கிறோம். காரணம் இது ஒன்றே என்று அறுதியிட மாட்டோம். ஆயினும் நாளெல்லாம் வேறுபாடின்றி எழுதும் கை, தேர்வு மண்டபத்தில் மட்டும் வேறுபாடு காணுமா?

குரற்செய்தி இருக்கையில் எழுத்து எதற்கு என்பாரும் உளர். முதியோர்க்கு அது பெருந்துணை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு முகவரியையோ மருந்தின் பெயரையோ குரலில் கேட்டு மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தவர்கள் எழுத்தின் அருமையை அறிவர். பேசினால் எழுதித்தரும் வசதியும் நன்றே. அது எழுதித் தந்ததில் லகரம் சரியா ளகரம் சரியா என்று காண்பதற்கும் எழுத்தறிவு வேண்டுமே!

நம் துறை இதில் செய்யக்கூடியவை எளியன. முதலாண்டு மாணவர்க்குக் கணினிக்கூடத்தில் ஒரு கிழமை, நாளொன்றுக்கு ஒரு மணிநேரம், தமிழ்99 பயிற்சி அளிக்கலாம். துறையின் அறிவிப்புகள் யாவும் தமிழ் எழுத்திலேயே செல்ல வேண்டும். ஆசிரியர்களாகிய நாமும் ஆங்கில எழுத்தில் வரும் செய்திக்குத் தமிழ் எழுத்தில் மறுமொழி தரலாம், கடிந்துரைக்க வேண்டா. ஜமாஅத்துப் பெரியோர் தத்தம் குழுக்களில் ஜனாஸா அறிவிப்பையேனும் தமிழ் எழுத்தில் இடுமாறு கூறினால் வீட்டிலுள்ள தாய்மார் நன்றியுடையராவர்.

நம் மாணவர் அன்று மாலை வந்து சேர்ந்தார். கட்டுரையைப் பின்னர் கைப்பேசியிலேயே தமிழில் எழுதி அனுப்பினார். மூன்று இரவுகள் ஆயின என்றார். அது இம்மலரில் இடம்பெற்றுள்ளது. 'வழி' எங்கும் வழியாகவே இருந்தது. ஓரிடத்தில் மட்டும் 'பள்ளி' பல்லியாகிக் கிடந்தது, நாமே திருத்தினோம்.