பாம்பு செத்தால் ஓவியம்

முதலில் ஒரு வாக்குமூலம். கடந்த மூன்று வாரமாக ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அடியேன் ஆபீஸ் வேலை பார்ப்பதாகத் தங்கமணி நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில்லை. வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு வயதில், புனே குளிரில், போர்வையைப் போர்த்திக்கொண்டு, பாம்பு விளையாட்டு. அதுவும் பொழுதுபோக்குக்காக இல்லை. பெண்ணின் மனதை மாற்றுவதற்காக.

கதை இதுதான். பெண் பன்னிரண்டாவது. எல்லாத் தமிழ்க் குடும்பத்தையும் போல எங்கள் வீட்டிலும் ஒன்பதாம் வகுப்பிலேயே கோச்சிங், பத்தில் இன்னொரு கோச்சிங் என்று பணம் கட்டியாகிவிட்டது. போன தீபாவளிக்கு மறுநாள், வாயில் பாதி மிக்சரை வைத்துக்கொண்டு, "அப்பா, நான் பரோடால ஃபைன் ஆர்ட்ஸ் அப்ளை பண்ணப்போறேன்" என்றாள். தங்கமணி டிவியை அணைத்தார். எங்கள் வீட்டில் டிவி அணைக்கப்படுவது சாதாரண விஷயம் இல்லை.

ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "என்னடா, கொழந்த படம் வரையப் போறாளாமே? செவத்துல வாழப்பழத்த டேப் போட்டு ஒட்டி கோடிக் கணக்குல வித்தானே ஒருத்தன், அந்த மாதிரியா?" அவர் சொன்னது இத்தாலியர் மௌரிசியோ கத்தெலானின் சமாச்சாரம். 2019 டிசம்பரில் மயாமி கலைச் சந்தையில் 1,20,000 டாலர் விலை வைத்தார்கள். 2024 நவம்பரில் சதபீஸ் ஏலத்தில் அதே படைப்பு 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கிய கிரிப்டோ கோடீஸ்வரர் ஹாங்காங்கில் நிருபர்கள் முன்னால் பழத்தை உரித்துச் சாப்பிட்டார். அந்த வீடியோ நம் எல்லோருடைய குடும்ப வாட்சப் குழுவுக்கும் வந்திருக்கும். எங்கள் குழுவில் நாலு தடவை வந்தது.

நானும் சிரித்தவன்தான். ஆனால் நம் வீட்டுப் பெண் அந்தப் பக்கம் போகிறேன் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. திட்டினால் கேட்க மாட்டாள். அதனால் தந்திரமாக யோசித்து, நவீனக் கலை உலகம் எவ்வளவு பெரிய கூத்து என்று அவளே உணரும்படி ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். ஆபீசில் பக்கத்து சீட் வங்காளி தாதா ஒரு பெயர் சொன்னார்: பிப்பின் பார்.

நியூசிலாந்துக்காரர். இப்போது கனடாவில் மான்ட்ரியல் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறார். விசித்திரமான சின்னச் சின்ன கேம்களாகச் செய்து இலவசமாக வெளியிட்டுக்கொண்டே இருப்பவர். 2013-ல் அவர் செய்த ஒன்றின் பெயரே 'ஆர்ட் கேம்'. நீங்கள் ஒரு கலைஞர். ஓவியரா, சிற்பியா, வீடியோ கலை செய்யும் இரட்டையரா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டுடியோவுக்குப் போய்ப் படைக்க வேண்டும். அப்புறம் பெரிய மியூசியத்திலிருந்து க்யூரேட்டர் வந்து பார்ப்பார். பிடித்தால் கண்காட்சியில் வைப்பார்.

எப்படிப் படைப்பது? இங்கேதான் கூத்து. ஓவியராக இருந்தால் கேன்வாஸில் பாம்பு கேம் ஆட வேண்டும். அதேதான், பேச்சிலர் அறையில் நோக்கியா போனில் கட்டைவிரல் தேயத் தேய ஆடினோமே, அதே பாம்பு. பாம்பு சுவரிலோ தன் வாலிலோ முட்டிச் செத்தால், அது கிடக்கும் கோலம்தான் ஓவியம். சிற்பியாக இருந்தால் டெட்ரிஸ். கட்டங்கள் மேல்வரை குவிந்து ஆட்டம் முடிந்தால் அந்தக் குவியல்தான் சிற்பம். வீடியோ இரட்டையர் ஆடுவது 'ஸ்பேஸ்வார்', 1962-ல் எம்ஐடியில் எழுதப்பட்ட ராக்கெட் சண்டை. அந்தச் சண்டைதான் வீடியோ கலை.

முதல் நாள் நான் சிரித்த சிரிப்பில் தங்கமணி எழுந்து வந்து, "ப்ராஜெக்ட்ல அவ்ளோ சந்தோஷமா?" என்றார். பிக்சல் பிக்சலாக ஒரு க்யூரேட்டர் வந்து நின்று, என் செத்த பாம்பைப் பார்த்து மகா கனமான கலை விமர்சன மொழியில் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வது! இதைப் பெண்ணிடம் காட்டினால் போதும், பரோடா கனவு பறந்துவிடும் என்று முடிவு செய்தேன்.

நிற்க. இரண்டாம் நாள் ஒரு விஷயம் உறைத்தது. டெட்ரிஸை நான் நன்றாக ஆடுவேன் (பெருமைதான், பேசாமல் கேளுங்கள்). வரிசை வரிசையாகக் காலி செய்துகொண்டே போனேன். அரை மணி கழித்துப் பார்த்தால் கையில் சிற்பமே இல்லை! நன்றாக ஆடினால் எதுவும் மிஞ்சாது. எப்போது பிசகுகிறேனோ, எங்கே ஓட்டை விழுகிறதோ, அந்தத் தப்புகள்தான் சிற்பத்தின் உருவம். பாம்பும் அப்படித்தான். எங்கே போய் முட்டினேன் என்பதுதான் படம். இருபத்து மூன்று வருஷமாக பிழையே இல்லாமல் கோட் எழுதச் சொல்லி பிழைப்பு நடத்தும் ஆளுக்கு இது கொஞ்சம் தொந்தரவான யோசனை.

மூன்றாம் நாள் அதைவிட மோசம். வேண்டுமென்றே ஒரு பாம்பை கேன்வாஸ் முழுக்கச் சுருள் சுருளாக, கோலம் மாதிரி ஓட்டி முடித்தேன். எனக்கே பிடித்திருந்தது. க்யூரேட்டர் வந்தார், பார்த்தார், அதை விட்டுவிட்டு, நாலே வினாடியில் செத்த இன்னொரு பாம்பைப் புகழ்ந்தார். ஏன் என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நிஜமாகவே. கேலிக்காக ஆட ஆரம்பித்தவன், ராத்திரி பன்னிரண்டரைக்கு ஒரு கார்ட்டூன் க்யூரேட்டரிடம் மானசீகமாக வாதாடிக்கொண்டிருக்கிறேன்!

வாழைப்பழ வீடியோவைப் பார்த்துச் சித்தப்பா சிரிப்பதும் கேலி, பிப்பின் பார் செய்வதும் கேலி. ஆனால் சித்தப்பா விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வெளியிலிருந்து சிரிக்கிறார். அதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இந்த விளையாட்டோ நம்மை உள்ளே இழுத்து, எதையோ செய்ய வைத்து, அதன்மேல் ஆசைப்பட வைத்து, அப்புறம் ஒரு அந்நிய மனுஷியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வைக்கிறது. எது மேலான கேலி என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. (வருஷா வருஷம் அப்ரைசலில் மேனேஜர் முன் உட்காரும் எவருக்கும் அந்த நிற்பு தெரியும். பெல் கர்வ் என்று சொல்லி, உழைத்தவனுக்கு மூன்றும் ஊர் சுற்றியவனுக்கு நாலும் போடும்போது அதை யாரும் கூத்து என்று சொல்வதில்லை.)

இதன் பின்னணியும் சுவாரசியமானது. 2010-ல் அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட், வீடியோ கேம்கள் ஒருபோதும் கலையாக முடியாது என்று எழுதி இளவட்டங்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். 2012 நவம்பரில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், செல்லமாக மோமா (மாமா இல்லை), பதினான்கு வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. டெட்ரிஸும் அதில் உண்டு. உடனே லண்டன் கார்டியனில் ஒருவர் இதெல்லாம் கலை இல்லை என்று எழுதினார். இந்த அடிதடிக்கு மறு வருஷம்தான் 'ஆர்ட் கேம்' வந்தது. கேம் கலையா என்று நீங்கள் சண்டை போடுங்கள், நான் கேமை வைத்தே கலை செய்யும் கேம் செய்கிறேன் என்கிற மாதிரி.

மோமாவோடு அவருக்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 2010 மார்ச் முதல் மே முடிய அங்கே மரீனா அப்ரமோவிச் என்ற செர்பியக் கலைஞர் ஒரு நாற்காலியில் மொத்தம் எழுநூறு மணி நேரத்துக்கு மேல் பேசாமல் உட்கார்ந்திருந்தார். யார் வேண்டுமானாலும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கண்ணைப் பார்க்கலாம். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதற்கு ஜனங்கள் க்யூவில் நின்றார்கள், பலர் அழுதார்கள். 2011-ல் பிப்பின் பார் இதைப் பழைய பாணி பிக்சல் கேமாகச் செய்தார். டிக்கெட் வாங்கி, க்யூவில் நிற்க வேண்டும். நிஜமாகவே மணிக்கணக்கில். கவனிக்காமல் இருந்துவிட்டால் வெளியே தள்ளிவிடுவார்கள். அந்த நாளைய மோமாவின் நேரப்படிதான் கதவு திறக்கும், செவ்வாய் விடுமுறை. நியூயார்க்கில் காலை பத்தரை என்றால் அவர்களுடைய கோடைக் கணக்கில் நமக்கு ராத்திரி எட்டு! ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போய்ப் பார்த்தேன், மியூசியம் பூட்டியிருந்தது. வீடியோ கேமில் பூட்டிய கதவின் முன் நின்ற அவமானத்தை யாரிடம் சொல்ல :-)

கேலி செய்யப்பட்ட அப்ரமோவிச் என்ன செய்தார் தெரியுமா? கோபித்துக்கொள்ளவில்லை. பின்னாளில் அதே பிப்பின் பாரோடு சேர்ந்து தன் பெயரிலான கலை நிறுவனத்துக்கே டிஜிட்டல் வடிவம் ஒன்று செய்தார்.

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணை உட்கார வைத்து 'ஆர்ட் கேம்' காட்டினேன். பாம்பு, டெட்ரிஸ் எல்லாம் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, இரட்டையர் எடுக்கலாம், நீங்களும் வாங்க" என்றாள். ஒரே கீபோர்டில் இரண்டு பேர். என் ராக்கெட்டை அவள் சுட, அவள் ராக்கெட்டை நான் துரத்த, ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அவள் வைத்த தலைப்பு: 'அப்பாவின் அப்ரைசல்'. க்யூரேட்டர் நிராகரித்தார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவள், "இன்னொண்ணு பண்ணலாம் வாங்க" என்று அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள்.

இந்த விளையாட்டில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. அங்கே ஸ்டுடியோ சும்மா கிடைக்கிறது. வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை. டில்லி கேலரிக்காரரிடம் பேச வேண்டிய இங்கிலீஷும், யாருக்கு யாரைத் தெரியும் என்ற கணக்கும் இல்லை. கலை உலகத்தைக் கேலி செய்பவர் அதன் பசியை விட்டுவிட்டால் எப்படி? நடுத்தர வர்க்க அப்பாவின் கேள்வி இதுதானே. க்யூரேட்டரின் வாய்ஜாலமா எங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது?

இதைச் சொன்னதும் அவளே இன்னொன்றைக் காட்டினாள். 'பாஸ்பார்தூ', 2017-ல் ஸ்வீடன் குழு ஒன்று செய்தது. அதில் நீங்கள் ஒரு ஏழை ஓவியர். மவுஸால் வரைந்து வாசலில் வைக்க வேண்டும், போகிறவர் வருகிறவர் கருத்துச் சொல்வார்கள், சிலர் வாங்குவார்கள். வாடகை கட்ட வேண்டும், ரொட்டிக்கும் ஒயினுக்கும் கொடுக்க வேண்டும். காசு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது.

அடடா, இதல்லவோ நம்ம கேம் என்று உட்கார்ந்தேன். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம். நாம் எல்லோரும் மூன்றாம் வகுப்பில் வரைந்ததுதான். ஒன்று விற்றது. அதையே இன்னும் எட்டுத் தடவை வரைந்தேன். வாடகை கட்டினேன், காசு சேர்த்தேன். பத்தாவது மலையை வரையும்போது கை தானாக நின்றுவிட்டது. சலிப்பு இல்லை, அதைவிடப் பழக்கமான ஏதோ ஒன்று. திங்கட்கிழமை காலை மாதிரி.

அவள் ஆடியபோது மூன்று முறை திவாலானாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதிதாக வரைந்து, ஒருத்தரும் வாங்காமல், வாடகை கட்ட முடியாமல். மூன்றாவது தடவை, "அந்தக் கறுப்பு மழை நல்லா வந்துதுல்லப்பா?" என்று கேட்டாள். நல்லாத்தான் வந்திருந்தது. பயமாக இருந்தது எனக்கு. தோற்பது அவளுக்குப் பெரிய விஷயமாக இல்லை என்பது தைரியமா, பசி என்றால் என்னவென்று தெரியாத அசட்டுத்தனமா? அவளுக்கு நாங்கள் அதைத் தெரியவிட்டதில்லை. ஊரில் ரேஷன் அரிசியில் படித்தவன் நான். அதைச் சொல்லிக் காட்டவும் வாய் வரவில்லை.

தாதாவிடம் புலம்பினேன். கே.ஜி.சுப்ரமணியன் கதையைச் சொன்னார். கேரளத்தில் பிறந்த நம்ம ஆள். சென்னை பிரசிடென்சியில் எகனாமிக்ஸ் படிக்கும்போது 1942 போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய், அதனால் அரசுக் கல்லூரிகளில் படிக்கத் தடை விழுந்து, 1944-ல் சாந்திநிகேதனுக்கு ஓவியம் படிக்கப் போனவர். பிற்பாடு பரோடாவில் எத்தனையோ பேரை உருவாக்கினார். 2016-ல் அங்கேயே காலமானார். "பாத்துக்கோ, எகனாமிக்ஸ் போனதாலதான் ஓவியம் கெடச்சுது" என்றார் தாதா. தாதாவின் பையன் ஐஐடியில் படிக்கிறான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஹுசைனின் 'கிராம யாத்திரை' 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது என்று தங்கமணியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "காசு அவருக்கா போச்சு?" ஹுசைன் காலமானது 2011-ல். இளமையில் மும்பையில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். எனக்குப் பதில் இல்லை. கலை உலகத்தைப் பற்றி நான் படித்த நையாண்டிகளில் இதைவிடக் கூர்மையான வரி கிடையாது.

இப்போதைய நிலவரம்: விண்ணப்பம் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. கூடவே இன்ஜினியரிங் தேர்வுகளும் எழுத வேண்டும் என்பது தங்கமணியின் நிபந்தனை, அவள் ஒப்புக்கொண்டாள். பரோடாவில் வரைந்து காட்டும் தேர்வு உண்டு. நான்தான் கூட்டிப் போகிறேன். அவள் தேர்வு எழுதும் நேரத்தில் வாசலில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மடிக்கணினியை எடுத்துப் போய் அப்ரமோவிச் க்யூவில் நிற்கலாம் என்றால் பகலில் அந்த மியூசியம் திறக்காது.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது பிள்ளையையோ பெண்ணையோ பரோடாவிலோ சாந்திநிகேதனிலோ சேர்த்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். ஹாஸ்டல் எப்படி, நம்ம சாப்பாடு கிடைக்குமா, முடித்த பிறகு முதல் மூன்று வருஷம் எப்படி ஓடியது, வீட்டிலிருந்து மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டியிருந்தது. தைரியம் சொல்ல வேண்டாம், கணக்கு சொல்லுங்கள் போதும். தங்கமணியிடம் காட்ட வேண்டும்.