நகல் கொடுக்குமுன்...

பிழைப்பை நாடி மும்பைக்கு வரும் தமிழர் பலர், வந்த முதல் மாதத்திலேயே தமது ஆதார் அட்டையின் நகலைப் பல கைகளில் கொடுத்துவிடுகின்றனர். அறை கொடுப்பவர் கேட்கிறார், காண்டிராக்டர் கேட்கிறார், சிம் விற்கும் கடைக்காரர் கேட்கிறார். மறுத்தால் காரியம் நடக்காதோ என்ற அச்சம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் எத்தனை கைபேசிகளில் தங்கியிருக்கிறது என்பது அனுப்பியவருக்கே தெரியாது.

இதனால் விளையக்கூடிய தீங்கு சிறிதன்று. பிறர் பெயரில் சிம் வாங்குவதும், பிறர் கணக்கின் வழியாகப் பணத்தைச் சுருட்டுவதும் இணைய மோசடிக்காரர்களின் வழக்கம். அவர்கள் மறைந்துகொள்கிறார்கள், போலீசார் முதலில் தேடி வருவது சிம்முக்கும் கணக்குக்கும் உரியவரைத்தான். கமிஷனுக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கை 'வாடகைக்கு' விடுவோர் தாமே வம்பை விலைக்கு வாங்குகின்றனர்.

தற்காப்புக்கு வழி உண்டு. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட அட்டையைப் பெறலாம். கைரேகையையும் பூட்டி வைக்கலாம். காகித நகல் கொடுக்க நேர்ந்தால், எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன்மேல் எழுதிக் கையெழுத்திடுவது நல்லது. தமது பெயரில் எத்தனை கைபேசி எண்கள் உள்ளன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்த்து, தமதல்லாததைத் துண்டிக்கக் கோரலாம். ஓ.டி.பி. எண்ணை வங்கி மானேஜர் என்று சொல்லிக் கேட்டாலும் கொடுக்கலாகாது. 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று நம் சட்டத்திலேயே கிடையாது. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும்.

ஆயினும், பொறுப்பு முழுவதையும் ஏழைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2017-ல் தீர்ப்பளித்தது. தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகளோ 2025 நவம்பரில்தான் வெளியாயின. பெற்ற தகவலைப் பெற்ற காரியத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். அது ஏட்டோடு நின்றுவிடாமல், தாராவியின் சந்துகள் வரை வந்து சேரச் செய்வது அரசின் கடமை.

அதுவரை தமிழ்ச் சங்கங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. விவரமறிந்த குமாஸ்தாக்களும் மாணவர்களும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பும் நற்பெயரும் காப்பாற்றப்படும்.