டீசல் இன்ஜினில் ‘டொக் டொக்’ சத்தம்... புது கிராங்க் வாங்கத்தான் வேண்டுமா?

‘‘தக்காளித் தோட்டத்துக்கு 5 ஹெச்.பி டீசல் இன்ஜின் மூலம் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுகிறேன். ஒரு வாரமாக இன்ஜினில் ‘டொக் டொக்’ என்று சத்தம். ‘கிராங்க் போயிடுச்சு, புதுசு போடணும்’ என்கிறார் மெக்கானிக். பிஸ்டனும் கிராங்கும் எப்படி வேலை செய்கின்றன? புதிதாகத்தான் வாங்க வேண்டுமா?’’

- வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.

முதலில் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். காய் பிடிக்கும் நேரத்தில் தண்ணீரை நிறுத்துவது கஷ்டம்தான். ஆனால், அந்தச் சத்தத்தோடு ஓட்டினால், சின்னச் செலவில் முடிவது பெரிய செலவாகிவிடும். பயிரைக் காப்பாற்ற ஓரிரு நாள் வாடகை இன்ஜின் வைத்துச் சமாளியுங்கள்.

மிதித்துத் தைக்கும் தையல் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். மிதி மேலும் கீழும்தான் அசையும். அதோடு இணைந்த கம்பி, சக்கரத்தைச் சுற்ற வைக்கும். இன்ஜினிலும் இதே கதைதான். மிதியின் இடத்தில் பிஸ்டன், கம்பியின் இடத்தில் கனெக்டிங் ராடு. முழங்கை மாதிரி வளைந்த தண்டுதான் கிராங்க். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றி, பம்பை ஓட்டுவது அதுதான்.

பிஸ்டன் முதலில் இறங்கிக் காற்றை இழுக்கும். ஏறும்போது அந்தக் காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்காக அமுக்கும். அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொண்டு பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி ஏறும்போது புகை வெளியேறும். நான்கு அசைவில் ஒன்றில்தான் பலம் கிடைக்கிறது. மற்ற மூன்றையும் தாண்ட வைப்பது கனமான பிளைவீல். தையல் மெஷின் நடுவில் நின்றால், சக்கரத்தைக் கையால் தள்ளிவிடுகிறோம் அல்லவா, அந்த வேலையை இது செய்கிறது.

நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் இன்ஜினில், 750 முறை டீசல் வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும். 110 மில்லிமீட்டர் தூரத்துக்குள்ளேயே ஏறி இறங்கும் பிஸ்டன், ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. இவ்வளவு ஓட்டத்திலும் கனெக்டிங் ராடும் கிராங்கும் உரசாமல் காப்பது, பேரிங்கும் அதன்மேல் படியும் மெல்லிய ஆயில் படலமும்தான். பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்தால், ஒவ்வொரு வெடிப்பிலும் ராடு கிராங்கின் மேல் அடிக்கும். அதுதான் ‘டொக் டொக்’.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கவனித்தீர்களா? அடிப்பகுதியிலிருந்து கனமாக வந்து, லோடு ஏறும்போது கூடினால் பேரிங் மீது சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சூடானபின் குறைந்தால் பிஸ்டன் தேய்ந்திருக்கலாம். நீலப் புகை வந்து, ஆயிலும் குறைந்துகொண்டே போனால் ரிங்கைப் பார்க்க வேண்டும். மேலே ‘டிக் டிக்’ என்று கூர்மையாகக் கேட்டால் நாசிலையும் வால்வு இடைவெளியையும் சரிபார்த்தாலே போதுமானதாக இருக்கலாம்.

பேரிங்தான் என்றால், கிராங்கைக் கழற்றி லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தை இரண்டு பக்கமாக அளந்தால், நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பது தெரியும். தேய்மானம் குறைவாக இருந்தால், கிரைண்டிங் செய்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ‘அண்டர்சைஸ்’ பேரிங் போடலாம். புது கிராங்க் விலையோடு ஒப்பிட்டால் இது குறைவு. விரிசல் விட்டிருந்தாலோ, வளைந்திருந்தாலோ மெக்கானிக் சொல்வது சரி. மாற்றித்தான் ஆக வேண்டும். எதுவானாலும் அளவைப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

பேரிங் ஏன் போனது என்பதையும் கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் புதிதும் போய்விடும். இன்ஜினைச் சமதளத்தில் வைத்து, தினமும் ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் அளவு பாருங்கள். புழுதிக் காலத்தில் ஏர் கிளீனரை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். உள்ளே போகும் மண், ரிங்கையும் லைனரையும் அரம் போல் தேய்க்கும்.

முக்கியமாக, பம்பு தண்ணீரிலேயே குளிரும் இன்ஜின் என்றால், கோடையில் கிணறு வற்றிப் பம்பு காற்றிழுக்கும்போது இன்ஜினுக்கும் தண்ணீர் நின்றுவிடும். பிஸ்டன் சூட்டில் விரிந்து லைனரோடு பிடித்துக்கொள்ளும். அதனால், ஓடவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சூடேறிவிட்டால் உடனே நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.